வழியைத் திறக்கும் வெட்டு, வழியை அழிக்கும் வெட்டு

1964ஆம் ஆண்டில் கெஸ்னர், கின்ஸ்பர்க் என்னும் இரு ஆய்வாளர்கள் எலிகளின் லிம்ஃபோசைட் என்னும் வெள்ளணுக்களை எடுத்து, சர்க்கரைகளை வெட்டும் நொதிகள் கலந்த கரைசலில் சிறிது நேரம் வைத்திருந்து, பிறகு அவற்றை வேறு எலிகளின் இரத்தத்தில் செலுத்தினர். இப்படிச் செலுத்தப்படும் செல்கள் வழக்கமாக மண்ணீரலுக்கும் நிணநீர் முடிச்சுகளுக்கும் போய்ச் சேரும். நொதிபட்ட செல்களோ கல்லீரலில் குவிந்தன. 1969இல் உட்ரஃப் என்பவரும் கெஸ்னரும் சயாலிக் அமிலம் என்ற ஒரே ஒரு சர்க்கரையை மட்டும் கிள்ளியெடுக்கும் நொதியைக் கொண்டு செய்த சோதனையிலும் செல்கள் வழி மாறிப் போயின. இரத்தத்தில் மிதந்து செல்லும் ஒரு செல் எங்கே இறங்க வேண்டும் என்பதில் அதன் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைகளுக்குப் பங்கு உண்டு என்ற எண்ணம் வேர்விட்டது இத்தகைய சோதனைகளிலிருந்துதான்.

சர்க்கரை என்று இங்கே சொல்வது காப்பியில் போடுவதும் அன்று, நீரிழிவுக்காரர்கள் மாதந்தோறும் அளந்து பார்ப்பதும் அன்று. உடலின் ஒவ்வொரு செல்லும் தன் புறச்சுவரில் புரதங்களையும் கொழுப்புகளையும் தண்டாகக் கொண்டு, அவற்றின்மேல் பலவகைச் சர்க்கரை மூலக்கூறுகளைக் கிளைகிளையாகக் கோத்து வைத்திருக்கிறது. இரத்தக் குழாயின் உட்புறத்தை வரிசையாக மூடியிருக்கும் எண்டோதீலியச் செல்களில் இந்த அடுக்கு மிகவும் அடர்த்தியானது. கிளைக்கோகாலிக்ஸ் எனப்படும் இந்தப் போர்வை நுண்ணிய குழாய்களில் ஏறத்தாழ அரை மைக்ரோமீட்டர் தடிமனும், பெரிய குழாய்களில் அதற்கு மேலும் கொண்டது. வெள்ளணுக்கள் பற்றிக்கொள்ள வேண்டிய ஐகேம்-1 போன்ற ஒட்டுப் புரதங்களின் நீளமோ சில பத்து நானோமீட்டர்தான். வளர்ந்த புல்வெளிக்குள் நட்ட முளைக்குச்சியைப் போல அவை போர்வைக்குள் புதைந்து கிடக்கின்றன. நலமான உடலில் வெள்ளணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டாமல் ஓடிக்கொண்டிருப்பதற்கு இந்தப் புதைவும், போர்வையின் எதிர்மின்னூட்டமும் முக்கியமான காரணங்கள்.

அழற்சி என்பது இந்த ஓட்டத்தை ஓர் இடத்தில் நிறுத்தும் ஏற்பாடு. சீழில் இருக்கும் செல்கள் இரத்தத்திலிருந்துதான் வெளியேறி வருகின்றன என்பதை ஜெர்மானிய நோயியலாளர் யூலியஸ் கோன்ஹைம் 1867இல் தவளையின் குடல்தாங்கியை நுண்ணோக்கியின்கீழ் விரித்து வைத்து விளக்கமாகக் காட்டினார். குழாய்ச் சுவரோரம் வெள்ளணுக்கள் ஒதுங்குவதும், பிறகு சுவரைத் துளைத்து வெளியேறுவதும் அவர் கண்முன்னே நடந்தன. அவர் கண்ட காட்சியை இன்று மூலக்கூறுகளின் பெயர்களோடு சொல்ல முடிகிறது. திசுவில் காயமோ கிருமியோ இருப்பதை அறிந்த எண்டோதீலியச் செல்கள், முன்பே சேமித்து வைத்திருந்த பி-செலக்டின் என்ற பிடிப்புப் புரதத்தைச் சில நிமிடங்களிலும், புதிதாகத் தயாரிக்கும் இ-செலக்டினைச் சில மணி நேரத்திலும் மேற்பரப்புக்கு அனுப்புகின்றன. செலக்டின்கள் பிடிப்பது வெள்ளணுவின் மேலுள்ள சர்க்கரையை. பிடி தளர்வானது என்பதால் செல் நின்றுவிடாமல் சுவரின்மேல் உருள்கிறது. உருளும்போது, சுவரில் ஒட்டவைக்கப்பட்டிருக்கும் கீமோகைன் என்ற அழைப்புப் புரதங்கள் அதைத் தூண்ட, இன்டெக்ரின் என்னும் கொக்கிகள் விறைத்து ஐகேம்-1ஐ இறுகப் பற்றுகின்றன. செல் நிற்கிறது, சுவரின்மேல் ஊர்ந்து இடைவெளி தேடுகிறது, இரு செல்களுக்கிடையே நுழைகிறது, அடியிலுள்ள அடித்தளச் சவ்வைக் கடந்து திசுவை அடைகிறது.

இந்தப் பயணத்தில் சர்க்கரை வராத கட்டம் அநேகமாக இல்லை. செலக்டின்கள் தேடும் முத்திரை, சயாலில் லூயிஸ் எக்ஸ் என்ற நான்கு சர்க்கரைகளின் தொகுப்பு; அதில் சயாலிக் அமிலமும் ஃபியூகோஸும் இன்றியமையாதவை. இந்த முத்திரை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இயற்கையே ஓர் அரிய நோயில் காட்டியிருக்கிறது. 1992இல் இஸ்ரேலில் இரண்டு சிறுவர்களிடம் கண்டறியப்பட்ட இந்தக் குறைபாட்டில், ஃபியூகோஸைச் சர்க்கரைக் கிளைகளில் சேர்க்க உடலால் இயலவில்லை. இரத்தத்தில் வெள்ளணுக்கள் ஏராளமாக இருந்தும், அவை உருளத் தெரியாமல் ஓடிக்கொண்டேயிருந்ததால், தொற்று வந்த இடத்தில் சீழ்கூடப் பிடிக்கவில்லை. அந்தச் சிறுவர்களின் இரத்த வகை, 1952இல் பம்பாயில் பெந்தேயும் அவருடைய சகாக்களும் விவரித்த பம்பாய் இரத்த வகையாக இருந்தது. சிவப்பணுக்களின் மேல் எச் பொருள் என்ற சர்க்கரைத் தொகுப்பு இல்லாததே அந்த வகை; அந்தப் பொருளும் ஃபியூகோஸ் இல்லாமல் உருவாகாது என்பதே காரணம். நம் நாட்டில் பம்பாய் இரத்த வகை உள்ளவர்கள் இதைப் படித்து அஞ்ச வேண்டியதில்லை. அவர்களிடம் பொதுவாகப் பழுதடைந்திருப்பவை எச் பொருளைக் கட்டும் மரபணுக்கள் மட்டுமே. வெள்ளணுக்களின் முத்திரை அவர்களிடம் முழுமையாகவே உள்ளது.

கட்டப்பட்ட இந்தச் சர்க்கரைகளை வெட்டும் நொதிகள் இருவகை. ஒருவகை கிளையின் நுனியில் இருக்கும் ஒரு சர்க்கரையைக் கிள்ளும், சயாலிடேஸ் அப்படிப்பட்டது. மற்றொரு வகை நீண்ட சங்கிலியை நடுவே தறிக்கும், ஹெப்பரனேஸ் அப்படிப்பட்டது. இவற்றைப் பற்றிய பழைய விளக்கம் எளிமையானது: சர்க்கரை ஒரு வேலி, நொதி ஒரு கத்தரி, வேலியை வெட்டினால் வெள்ளணு உள்ளே போகும். இந்த விளக்கம் பாதிதான் சரி என்பதை ஹெப்பரனேஸின் கதையில் தெளிவாகப் பார்க்கலாம்.

ஹெப்பரனேஸ் வெட்டும் பொருள் ஹெப்பரான் சல்ஃபேட். இரண்டிரண்டாகத் திரும்பத் திரும்பக் கோக்கப்பட்ட சர்க்கரைகளின் நீண்ட சங்கிலி அது. இரத்தம் உறையாமல் இருக்க மருத்துவமனையில் ஊசி போடப்படும் ஹெப்பரினுக்கு நெருங்கிய உறவு. சல்ஃபேட் தொகுதிகள் ஏறியிருப்பதால் அது கடுமையான எதிர்மின்னூட்டம் கொண்டது. நேர்மின்னூட்டப் பகுதிகள் கொண்ட கீமோகைன்களும் வளர்ச்சிக் காரணிகளும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. ஓடும் இரத்தத்தில் கீமோகைன் அடித்துச் செல்லப்படாமல் குழாய்ச் சுவரிலேயே தங்குவது இந்த ஒட்டுதலால்தான். அடித்தளச் சவ்வுக்குள் மற்ற புரதங்களோடு பின்னி அதற்கு இறுக்கம் தருவதும் இதே சங்கிலிதான். ஆகவே ஹெப்பரான் சல்ஃபேட்டை வெறும் வேலி என்று சொல்லிவிட முடியாது. அது வேலியாகவும், வேலியில் கட்டிவைத்த வழிகாட்டிப் பலகையாகவும் ஒருசேர இருக்கிறது.

தூண்டப்பட்ட டி-செல்கள் என்னும் வெள்ளணுக்கள் ஹெப்பரான் சல்ஃபேட்டை வெட்டும் நொதியைச் சுரக்கின்றன என்ற செய்தி 1984இல் இஸ்ரேலிய ஆய்வாளர்களின் கட்டுரையாக வெளிவந்தது. இந்த நொதியோடு தம் ஆய்வு வாழ்க்கையைப் பிணைத்துக்கொண்ட இஸ்ரேல் வ்லோடாவ்ஸ்கி அவர்களுள் ஒருவர். 1999இல் பல குழுக்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தன. பாலூட்டிகளில் இந்தச் சங்கிலியை நடுவே தறிக்கும் வேலைக்கு இந்த ஒரு நொதிதான் உண்டு. அதன் தம்பி போன்ற ஹெப்பரனேஸ்-2 என்ற புரதத்துக்கு வெட்டும் திறன் கிடையாது. நொதி முதலில் செயலற்ற முன்வடிவமாக உருவாகிறது. பிறகு செல்லின் உள்ளே கதெப்சின் எல் என்ற வேறொரு நொதி அதன் நடுப்பகுதியை அகற்றினால்தான் வெட்டும் திறன் பெறுகிறது. அதற்குப் பிறகும், சூழல் அமிலத்தன்மையோடு இருந்தால்தான் நன்றாக வெட்டும். அழற்சி கண்ட திசுவில் நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளணுக்கள் லாக்டிக் அமிலத்தைப் பெருக்குவதால் அங்கே அமிலத்தன்மை கூடுவது இயல்பு. அதாவது இந்தக் கத்தரி வேலை இருக்கும் இடத்தில்தான் கூர்மையாகிறது. 1995இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் சுவையானது. இயல்பான அமில-காரச் சமநிலையில் ஹெப்பரனேஸ் வெட்டுவதில்லை. மாறாக, டி-செல்லைச் சுவரோடு ஒட்டவைக்கும் பசையாக வேலை செய்கிறது. இரத்தத்தின் பக்கம் பசை, திசுவின் பக்கம் கத்தரி. ஒரே மூலக்கூறு இடத்துக்கேற்ப வேலையை மாற்றிக்கொள்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

வெட்டு வழியைத் திறக்கும் பக்கத்தை முதலில் பார்ப்போம். 2012இல் அமெரிக்காவின் கொலராடோவில் எரிக் ஷ்மிட் குழுவினர், பாக்டீரியா நச்சால் இரத்த நச்சுநிலை உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளின் நுரையீரல் நுண்குழாய்களை உயிரோடு இருக்கும்போதே நுண்ணோக்கியில் பார்த்தனர். டிஎன்எஃப் என்ற அழற்சித் தூதுப் புரதம் எண்டோதீலியச் செல்களின் ஹெப்பரனேஸைத் தூண்டிவிட, குழாயின் சர்க்கரைப் போர்வை விரைவிலேயே மெலிந்தது. போர்வைக்குள் புதைந்திருந்த ஐகேம்-1 வெளியே தெரிந்தது, நியூட்ரோஃபில்கள் வந்து ஒட்டின, நுரையீரல் சேதமடைந்தது. ஹெப்பரனேஸைத் தடுத்தபோது போர்வை நிலைத்தது, ஒட்டுதல் குறைந்தது, எலிகளின் இறப்பும் குறைந்தது. இங்கே கத்தரியை எடுத்தது வெள்ளணு அன்று, குழாய்ச் சுவரே என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்காரரே வேலியைப் பிரித்து வைத்ததுபோன்ற நிலை இது. மேலும், வெட்டுண்டு விழும் ஹெப்பரான் சல்ஃபேட் துண்டுகள் சும்மா மிதந்து போவதில்லை. கிருமிகளின் நச்சை உணரும் டிஎல்ஆர்-4 என்ற ஏற்பியையே அவை தட்டியெழுப்பக் கூடியவை. அழற்சியால் வெட்டு, வெட்டால் மேலும் அழற்சி என்ற சுழல் இப்படித் தொடங்குகிறது.

இனி மறுபக்கம். ஸ்வீடனின் உப்சாலாவில் மியா ஃபிலிப்சன் குழுவினர் 2010இல் வெளியிட்ட சோதனையில், சுண்டெலியின் தசையின்மேல் கீமோகைன் ஊறிய ஒரு சிறு கூழ்த்துண்டை வைத்தனர். கீமோகைன் கசிந்து, நுண்சிரைகளின் உட்சுவரிலுள்ள ஹெப்பரான் சல்ஃபேட்டில் படிந்தது. கூழுக்கு அருகே அதிகமாகவும் தள்ளிப் போகப் போகக் குறைவாகவும் படிந்த அந்த ஏற்ற இறக்கத்தை மோப்பம் பிடித்து, நியூட்ரோஃபில்கள் குழாயின் உள்ளேயே சரியான திசையில் ஊர்ந்து, கூழுக்கு அருகில் வெளியேறின. அதே சோதனையை, ஹெப்பரனேஸை மிகுதியாக உற்பத்தி செய்யும்படி மரபணு மாற்றிய எலிகளிலும் செய்தனர். வேலிக் கணக்குப்படி அங்கே வெள்ளணுக்கள் இன்னும் எளிதாக வெளியேறியிருக்க வேண்டும். சுவரில் ஒட்டிய நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கை இரு வகை எலிகளிலும் ஒன்றாகவே இருந்தது. ஆனால் சங்கிலிகள் குட்டையாகிப்போன எலிகளில் அவை கண் கட்டி விட்டதுபோல் அங்குமிங்கும் ஊர்ந்தன, வெளியேறியவை குறைவு, பாக்டீரியாத் தொற்றை ஒழிக்கும் திறனும் குறைந்தது. கலிஃபோர்னியாவின் ஜெஃப்ரி எஸ்கோ குழுவினர் 2005இலேயே இதற்கு இணையான முடிவை வேறு வழியில் எட்டியிருந்தனர். எண்டோதீலியச் செல்களின் ஹெப்பரான் சல்ஃபேட்டில் சல்ஃபேட் ஏற்றம் குறையுமாறு செய்த எலிகளில், நியூட்ரோஃபில்கள் சரியாக உருளவும் இல்லை, கீமோகைன் சுவரில் சரியாக ஏறவும் இல்லை.

இரு சோதனைகளையும் அருகருகே வைத்தால் முரண்பாடு போலத் தோன்றும். என் பார்வையில் முரண்பாடு இல்லை. கொலராடோ எலிகளில் நடந்தது, அழற்சி தொடங்கிய பின், நெருக்கமான நுரையீரல் நுண்குழாய்களில், திடீரென்று நிகழ்ந்த வெட்டு. அங்கே நியூட்ரோஃபில்கள் நெடுந்தூரம் ஊர்ந்து வழி தேட வேண்டிய தேவை குறைவு, ஒட்டுவதற்குப் பிடி கிடைத்தால் போதும். உப்சாலா எலிகளில் பிறந்தது முதலே உடலெங்கும் சங்கிலிகள் குட்டை. எழுதும் பலகையே இல்லாதபோது அழைப்பை எங்கே எழுதுவது? தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுவோர் அறிந்த விஷயம்தான் இது: எந்தச் செடியை, எந்தப் பருவத்தில், எவ்வளவு உயரத்தில் வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்துத் தழைப்பதும் பட்டுப்போவதும் அமையும். அழற்சியின் வகையும் கணக்கில் வருகிறது. ஹெப்பரனேஸ் இல்லாத எலிகளில் ஒவ்வாமையைத் தூண்டியபோது நுரையீரலுக்குள் ஈசினோஃபில்கள் என்னும் வேறு வகை வெள்ளணுக்கள் வருவது குறைந்தது. ஒவ்வாமை சாராத தூண்டலுக்கு நியூட்ரோஃபில்கள் வருவதில் அப்படிக் குறை காணப்படவில்லை என்று 2015இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நியூட்ரோஃபில்களிடம் புரதங்களை அரிக்கும் வேறு கருவிகள் உண்டு. அடித்தளச் சவ்வில் இயல்பாகவே மெலிந்த இடங்களையும் அவை தேடிப் பயன்படுத்துகின்றன. எல்லா வெள்ளணுக்களும் ஒரே வாசலைப் பயன்படுத்துவதில்லை.

நுனி கிள்ளும் சயாலிடேஸின் கதை உருவத்தில் சிறியது, ஆனால் அதே நுட்பம் அதிலும் உண்டு. சயாலிக் அமிலம் சர்க்கரைக் கிளைகளின் கடைசியில் தொப்பி போல உட்கார்ந்து எதிர்மின்னூட்டத்தைத் தருவது. எதிர்மின்னூட்டம் கொண்ட இரு செல்கள் ஒன்றையொன்று விலக்கும். ஓய்வில் இருக்கும் நியூட்ரோஃபில் தன் சயாலிடேஸை உள்ளறைகளில் பூட்டி வைத்திருக்கிறது. தூண்டப்பட்டதும் அதை மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது என்பதை ஆலன் கிராஸும் அவருடைய சக ஆய்வாளரும் 1991இல் காட்டினர். வெளியே வந்த நொதி தன் செல்லின் இன்டெக்ரினிலிருந்தும் எதிரே இருக்கும் ஐகேம்-1இலிருந்தும் சயாலிக் அமிலத்தைக் கிள்ளுகிறது. அதனால் இரண்டின் பிடிப்பும் வலுக்கிறது. இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. முதல் கட்டத்தில் செலக்டின் தேடிய முத்திரையில் இன்றியமையாததாக இருந்ததும் இதே சயாலிக் அமிலம்தான். தொடக்கத்திலேயே எல்லாத் தொப்பிகளையும் கழற்றிவிட்டால் செல் உருளவே முடியாது. கழற்றாமலே இருந்தால் இறுகப் பற்றுவது கடினம். ஆகவே உருளும்போது தொப்பி வேண்டும், நின்ற பின் வேண்டாம். வெட்டு நிகழும் நேரமே இதில் எல்லாம். தூண்டுதல் கிடைத்த பிறகுதான் நொதி மேற்பரப்புக்கு வருகிறது என்பதை இந்த ஒழுங்கோடு பொருத்திப் பார்க்கும்போது, உடல் இந்த வரிசையை எவ்வளவு கவனமாக அமைத்திருக்கிறது என்பது புலப்படும்.

மூன்றாவது நொதிக் குடும்பம் ஹயலுரானிடேஸ். அது வெட்டும் ஹயலுரானன் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலி, எழுபது கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ 15 கிராம் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு நாள்தோறும் சிதைந்து புதிதாக உருவாகிறது. நீளமான ஹயலுரானன் திசுவை அமைதியாக வைத்திருப்பதாகவும், வெட்டுண்ட சிறு துண்டுகள் அழற்சியைத் தூண்டுவதாகவும் பரவலாகக் கருதப்படுகிறது. கல்லீரலின் நுண்குழாய்களில் நியூட்ரோஃபில்கள் தங்குவதற்கு செலக்டின்களைவிட ஹயலுரானனும் அதைப் பற்றும் சிடி-44 ஏற்பியும்தான் முக்கியம் என்று 2008இல் தெரியவந்தது. ஓர் உறுப்பில் கற்றதை அடுத்த உறுப்புக்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியாது என்பதற்கு இது ஒரு சான்று. பாம்பு, தேள், தேனீ ஆகியவற்றின் நஞ்சில் ஹயலுரானிடேஸ் கலந்திருப்பதும் நினைவுகூரத்தக்கது: திசுவைத் தளர்த்தி, நஞ்சு பரவ அது வழிவிடுகிறது.

கிருமிகளும் இந்தக் கத்தரிகளைப் பயன்படுத்தத் தெரிந்தவை. மழைக்காலந்தோறும் தமிழ்நாட்டையும் இலங்கையையும் அலைக்கழிக்கும் டெங்குவில், காய்ச்சல் தணியும் நாட்களில் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதே உயிருக்கு ஆபத்தான கட்டம். டெங்கு வைரஸின் என்எஸ்-1 புரதம், மனித நுரையீரல் எண்டோதீலியச் செல்களில் சயாலிடேஸ்களைப் பெருக்குவதோடு, கதெப்சின் எல் வழியாக ஹெப்பரனேஸையும் தூண்டிப் போர்வையைக் கலைக்கிறது என்று கலிஃபோர்னியாவின் இவா ஹாரிஸ் குழுவினர் 2016இல் காட்டினர். இது வளர்ப்புத் தட்டில் உள்ள செல்களில் கண்ட முடிவு. ஆயினும் டெங்குக் காய்ச்சலின் தொடக்க நாட்களில் பரிசோதனைக் கூடங்கள் இரத்தத்தில் தேடும் அதே என்எஸ்-1, நம் குழாய்களின் சொந்தக் கத்தரிகளையே நமக்கு எதிராகத் திருப்பக் கூடியது என்பது கவனத்துக்குரியது.

இவ்வளவும் தெரிந்த பின், நொதியைத் தடுத்தால் அழற்சி நோய்கள் அடங்குமே என்ற கேள்வி இயல்பாக எழும். 1989இலேயே, இரத்த உறைவைத் தடுக்கப் போதாத சிறு அளவில் ஹெப்பரின் கொடுத்து, விலங்குகளில், உடல் தன்னையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்களைத் தணிக்கவும் மாற்றுத் திசுவை நிராகரிப்பதைத் தள்ளிப்போடவும் முடிந்தது. ஹெப்பரின் ஹெப்பரனேஸின் இலக்கைப் போலவே இருப்பதால் நொதியின் வாயை அடைத்துவிடுகிறது. ஆனால் அதே ஹெப்பரின் பி-செலக்டினையும், வெள்ளணுக்களின் மேலுள்ள எல்-செலக்டினையும் மறைக்கிறது, கீமோகைன்களையும் பிடித்துக்கொள்கிறது. கிடைத்த பலன் எந்த வழியில் வந்தது என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. இரத்தம் உறைவதைப் பாதிக்காதபடி மாற்றிய ஹெப்பரின்களும், பிஐ-88 போன்ற சல்ஃபேட் ஏற்றிய சர்க்கரைகளும் பிறகு உருவாக்கப்பட்டன. அவற்றுள் சில மனிதர்களிடம் சோதிக்கப்பட்டது அழற்சிக்காக என்பதைவிடப் புற்றுநோய்க்காகத்தான் அதிகம். சயாலிடேஸின் நிலைமை வேறு. இன்ஃப்ளுவென்ஸா காய்ச்சல் வைரஸின் சயாலிடேஸான நியூராமினிடேஸைத் தடுக்கும் ஒசெல்டாமிவிர் என்ற மருந்து மனித நொதிகளை மிகக் குறைவாகவே தொடுகிறது. வைரஸ் மருந்தாக அது பயன்படுவதற்கு அது நல்லதுதான், ஆனால் அழற்சிக்கு அதைத் திருப்பிவிட முடியாது. மனித நொதியை முழுவதுமாக நிறுத்துவதும் சரியன்று: சயாலிடேஸ்-1 பிறவியிலேயே பழுதானவர்களிடம், சிதையாத சர்க்கரைகள் செல்களுக்குள் தேங்கி சயாலிடோசிஸ் என்ற கடும் நோயாக முடிகிறது.

தடுப்பதற்கு நேர்மாறான தேவையும் ஒன்று உண்டு. நோயாளியின் டி-செல்களை வெளியே எடுத்து, புற்றுச் செல்லை அடையாளம் காணும் ஏற்பியைப் பொருத்தி, பெருக்கித் திரும்பச் செலுத்தும் கார்-டி சிகிச்சை, இரத்தப் புற்றுநோய்களில் கண்ட வெற்றியைத் திண்மக் கட்டிகளில் காணவில்லை. அதற்குரிய காரணங்களுள் ஒன்று 2015இல் தெரியவந்தது. ஆய்வகத்தில் பல நாட்கள் வளர்க்கப்படும் டி-செல்கள் ஹெப்பரனேஸ் உற்பத்தியை இழந்துவிடுகின்றன. பி-53 என்ற புரதம் அந்த மரபணுவின் முகப்பில் உட்கார்ந்து அதை அடக்கிவைக்கிறது. கட்டியின் வாசல் வரை வந்த செல்லிடம் உள்ளே நுழையக் கத்தரி இல்லை. ஹெப்பரனேஸ் மரபணுவையும் சேர்த்துப் பொருத்திய செல்கள், எலிகளில் நரம்புத்திசுக் கட்டிகளுக்குள் கூடுதலாக ஊடுருவின. எலிகளும் கூடுதல் நாட்கள் வாழ்ந்தன. 2017இல் வந்த மற்றோர் ஆய்வு, இயற்கைக் கொல்லிச் செல்கள் என்னும் வெள்ளணுக்களும் கட்டிக்குள் புகுவதற்கு இதே நொதியை நம்பியிருப்பதைக் காட்டியது. ஆனால் புற்றுச் செல்களும் அடித்தளச் சவ்வைத் துளைத்துப் பிற உறுப்புகளுக்குப் பரவ நாடுவது ஹெப்பரனேஸைத்தான். பிஐ-88 போன்ற தடுப்பான்கள் குறிவைத்தது அந்தப் பரவலை. அதே தடுப்பான் உடலெங்கும் சுற்றினால் கட்டியைத் தேடிவரும் கொல்லிச் செல்லின் கையிலுள்ள கத்தரியையும் மழுக்கிவிடும் என்ற ஐயம், இப்போது அத்தகைய மருந்துகளை வடிவமைப்போர்முன் நிற்கிறது.